ஒரே கைபேசியும் 42 பிள்ளைகளும்: ஆசிரியர், பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

வகுப்பறையில் செயலிகளையும் கணினிக் கருவிகளையும் பயன்படுத்துவது குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவாக இருந்த ஏழு கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில், நானே வகுப்பில் கையாண்டு பார்த்தவற்றையும் அருகிலிருந்து கவனித்தவற்றையும் மட்டுமே பரிந்துரைக்கிறேன்.

*

கேள்வி: எங்கள் நடுநிலைப் பள்ளிக்குத் திறன்மிகு வகுப்பறை வந்து ஓராண்டு ஆகிறது. அறிவியல் பாடத்துக்குத் தினமும் காணொளி போடுகிறேன். பிள்ளைகள் சத்தமே இல்லாமல் பார்க்கிறார்கள். ஆனால் மறுநாள் கேட்டால் பாதிப் பேருக்கு ஒன்றும் நினைவில் இல்லை. காணொளி சரியில்லையா, நான் பயன்படுத்தும் முறை சரியில்லையா?
— அறிவியல் ஆசிரியை, அரியலூர் மாவட்டம்

பதில்: பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் கவலைப்படுவது அந்த அமைதியைப் பற்றித்தான். படம் தெளிவாக இருக்கும்போது, பின்னணிக் குரல் தங்குதடையில்லாமல் விளக்கும்போது, பார்ப்பவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது போன்ற நிறைவு ஏற்பட்டுவிடுகிறது. அந்த நிறைவு உண்மையான புரிதலா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைக் காணொளி தானாகத் தருவதில்லை. அந்த வாய்ப்பை நீங்கள்தான் ஏற்படுத்தித் தர வேண்டும்.

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தார்கள். பிறகு ஒரு பிரிவினர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் அதை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உங்கள் வகுப்பில் நடப்பதும் இதுதான்: காணொளி முடிந்த உடனே கேட்டால் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள், மறுநாள் நிற்பதில்லை.

ஆகவே காணொளியை முழுதாக ஓடவிடாதீர்கள். ஏழாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். படத்தில் இலை பெரிதாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். “இந்த இலைக்குள் வெளியிலிருந்து என்னென்ன போகும்? எழுதுங்கள்” என்று சொல்லுங்கள். கையெழுத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினால் போதும். பேசக் கூடாது, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்க்கக் கூடாது. நீங்கள் வரிசைகளுக்கு இடையே ஒருமுறை நடந்து வாருங்கள். தண்ணீர் என்று எல்லோரும் எழுதியிருப்பார்கள். சூரிய ஒளி என்று பலர் எழுதியிருப்பார்கள். கார்பன் டை ஆக்சைடை மிகச் சிலரே எழுதியிருப்பார்கள். ‘மண்ணிலிருந்து உணவு’ என்று சிலர் எழுதியிருப்பார்கள். அந்தக் கடைசி விடைதான் உங்களுக்குக் கிடைத்த புதையல். செடி தன் உணவை மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது என்ற தவறான எண்ணம், பாடம் நடத்தி முடித்த பிறகும் பிள்ளைகளின் மனத்தில் அசையாமல் இருக்கும் எண்ணங்களில் ஒன்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு காணொளியின் அடுத்த பகுதியை ஓடவிட்டால், பிள்ளைகள் அதை ஒரு கேள்விக்கான விடையைத் தேடிப் பார்ப்பார்கள்.

ஆறு நிமிடக் காணொளிக்கு இப்படி மூன்று நிறுத்தங்கள் போதுமானவை. மறுநாள் பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில் அதே மூன்று கேள்விகளையும் படமில்லாமல் கேளுங்கள். காணொளியை எங்கே தேடுவது என்றும் நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2018இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களிலேயே, கைபேசியால் வருடிப் பாடக் காணொளிகளைத் திறக்கும் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டன. பள்ளிக் கல்வித் துறை 2023இல் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலியை வெளியிட்டது. ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ என்ற குறளிலிருந்து எடுத்த பெயர் அது. தோண்டத் தோண்டத்தான் நீர் ஊறும் என்கிறது குறள். தோண்டும் வேலை பிள்ளையுடையது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

முதல் நாள் மாலையே காணொளியைத் தரவிறக்கி வைத்துவிடுங்கள். பாடவேளையில் இணையம் சுற்றிக்கொண்டே நிற்கும் நான்கு நிமிடங்களில் வகுப்பு கை நழுவிப் போய்விடும்.

*

கேள்வி: ஆறாம் வகுப்பில் 42 பேர். கணினி அறை வாரத்துக்கு ஒரு பாடவேளைதான் கிடைக்கும். என்னிடம் இருப்பது என் சொந்தக் கைபேசி ஒன்றே. இதை வைத்து எதாவது உருப்படியாகச் செய்ய முடியுமா?
— கணித ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

பதில்: நிச்சயமாகச் செய்யலாம். பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி இருக்கும் வகுப்பைவிட, ஆசிரியர் கையில் மட்டும் ஒன்று இருக்கும் வகுப்பு சில வேளைகளில் நன்றாகவே நடக்கும் என்பது என் அனுபவம்.

பிளிக்கர்ஸ் என்ற செயலியைப் பாருங்கள். அதன் இணையதளத்திலிருந்து அட்டைகளை அச்சிட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கும். எந்த இரண்டு அட்டையும் ஒன்றுபோல் இருக்காது. அட்டையின் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். எந்த விடை சரி என்று பிள்ளை நினைக்கிறதோ, அந்த எழுத்து மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நீங்கள் கைபேசியின் கேமராவை வகுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்பினால், யார் எந்த விடையைப் பிடித்திருக்கிறார்கள் என்பது திரையில் வந்துவிடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு எந்த எழுத்து மேலே இருக்கிறது என்று எளிதில் தெரியாது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையின் விடையும் உங்களுக்குக் கிடைக்கிறது. இந்தக் கருவியில் நான் மதிப்பது இதைத்தான். “புரிந்ததா?” என்று கேட்டால் “புரிந்தது சார்” என்று ஒரே குரலில் வரும் பதிலில் அந்தப் பிள்ளை ஒளிந்துகொண்டுவிடும்.

ஆனால் அட்டையைவிடக் கேள்விதான் முக்கியம். நான் ஒரு வகுப்பில் கேட்ட கேள்வியைச் சொல்கிறேன். 1/2, 1/3 இரண்டையும் கூட்டினால் என்ன? விடைகளாக 2/5, 5/6, 1/6, 2/6 என்று கொடுத்திருந்தேன். இவற்றில் எதுவும் சும்மா போட்டதில்லை. மேலே இருப்பதை மேலும் கீழே இருப்பதைக் கீழும் கூட்டுகிற பிள்ளைக்கு 2/5 வரும். பெருக்கலோடு குழப்பிக்கொண்ட பிள்ளைக்கு 1/6 வரும். பகுதியை மட்டும் பொதுவாக்கிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்த பிள்ளைக்கு 2/6 வரும். ஆகவே தவறான விடையைப் பிடித்திருக்கும் பிள்ளை எந்த இடத்தில் வழி தவறியது என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிடும். கடைசி வரிசையில் ஒரு சிறுமி அட்டையை 2/5க்குத் திருப்பி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். வகுப்பில் அவளைப் போலவே பலர் பிடித்திருந்தார்கள்.

நான் சரியான விடையைச் சொல்லவில்லை. “பக்கத்தில் இருப்பவரிடம் ஏன் என்று சொல்லுங்கள்” என்று மட்டும் சொல்லி இரண்டு நிமிடம் விட்டேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்திலிருந்து கையாண்டுவந்த முறை இது: முதலில் தனியாக விடை, பிறகு பக்கத்து மாணவரோடு விவாதம், பிறகு மறுபடியும் விடை. சத்தம் கொஞ்சம் அடங்கியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “அரை இட்லி தட்டில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் வைக்கிறேன். இப்போது தட்டில் அரையைவிடக் குறைவாக இருக்க முடியுமா?” அந்தச் சிறுமி விரலால் மேசையில் ஏதோ கோடு போட்டாள். 2/5 என்பது பாதியைவிடக் குறைவு என்று கண்டுபிடித்த அந்த நொடியில் அவள் அட்டையைத் திருப்பினாள். எதற்குத் திருப்பினாள் என்று நான் பார்க்கவில்லை. முதலில் பிடித்தது தவறு என்று தானாகவே கண்டுகொண்டதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

வாரத்துக்கு இப்படி மூன்று கேள்விகள் போதும். மதிப்பெண் போடாதீர்கள். மதிப்பெண் போட்ட அன்றே பிள்ளைகள் தாம் நினைப்பதைக் காட்டுவதை விட்டுவிட்டுச் சரியாக இருக்கக்கூடியதைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். இணையம் வராத பள்ளியென்றால் நான்கு நிறத் தாள்களை வெட்டிக் கொடுத்தும் இதே வேலையைச் செய்யலாம். பதிவு மட்டும் இருக்காது.

*

கேள்வி: என் மகளின் பள்ளியில் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டில் ஒரே கைபேசி. அவளுடைய அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விட்டு இரவு எட்டரைக்குத்தான் வருவார். தூக்கக் கலக்கத்தில் எழுதுகிறாள். கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.
— ஓர் அம்மா, திருப்பூர்

பதில்: பயப்படாமல் கேளுங்கள் அம்மா. நீங்கள் கேட்பது சலுகை இல்லை. உங்கள் மகளைப்போல் வகுப்பில் இன்னும் பலர் இருப்பார்கள், அவர்களுக்காகவும் நீங்கள் கேட்கிறீர்கள். வகுப்பாசிரியரிடம் இப்படிச் சொல்லுங்கள்: “வீட்டுப்பாடத்தைக் கடைசி மணிக்கு முன்னால் பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் டைரியில் எழுதிக்கொள்வார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புவது விடுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு உதவும்.” பெரும்பாலான ஆசிரியர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் யார் வீட்டில் கைபேசி எப்போது இருக்கும் என்பது அவர்கள் கவனத்துக்கே வந்திருக்காது.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தாளில் மூன்று கேள்விகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: வீட்டில் எத்தனை கைபேசி, அது எத்தனை மணிக்குப் பிள்ளையின் கைக்கு வரும், மாதக் கடைசியில் டேட்டா இருக்குமா. இந்தத் தாள் கையில் இல்லாமல் கைபேசி வழியாக எந்த வேலையும் கொடுக்காதீர்கள் என்று மிகுந்த வேண்டுகோளுடன் கேட்டுக்கொள்கிறேன்.

*

கேள்வி: ஜியோஜீப்ராவில் வடிவியல் காட்டினால் பிள்ளைகள் ஆர்வமாகப் பார்க்கிறார்கள். ஆனால் கவராயத்தையும் பாகைமானியையும் தொடுவதே இல்லை. இது சரியா? அறிவியல் ஆசிரியரும் ஆய்வகம் இல்லாததால் கணினியில்தான் சோதனை காட்டுகிறார்.
— பட்டதாரி ஆசிரியர், தென்காசி மாவட்டம்

பதில்: ஜியோஜீப்ரா, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்ற மாணவர் 2001இல் தொடங்கிய மென்பொருள். வடிவத்தை வரைந்த பிறகு அதைப் பிடித்து இழுக்க முடியும் என்பதுதான் அதன் உயிர். தாளில் வரைந்த முக்கோணம் ஒன்றே ஒன்று. திரையில் இழுக்கும்போது நூறு முக்கோணங்கள் கண்முன் கடந்துபோகின்றன.

ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் கை, பிறகு திரை. ஒன்பதாம் வகுப்பில் அரைவட்டத்தில் அமையும் கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் கவராயத்தால் ஒரு வட்டம் வரைந்து, விட்டம் போட்டு, வட்டத்தின் மேல் தனக்குப் பிடித்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அதை விட்டத்தின் இரு முனைகளோடும் இணைத்து, அங்கே அமையும் கோணத்தைப் பாகைமானியால் அளக்கட்டும். 89, 91, 90 என்று வரும். ஓரிருவருக்கு 86கூட வரும். “எல்லோருக்கும் ஏன் 90க்குப் பக்கத்திலேயே வருகிறது?” என்ற கேள்வி வகுப்பில் எழுந்த பிறகுதான் திரையைப் போட வேண்டும். இப்போது ஒரு பிள்ளையை அழைத்துப் புள்ளியை வட்டத்தின் மேல் இழுக்கச் சொல்லுங்கள். புள்ளி நகர்கிறது, முக்கோணம் ஒல்லியாகிறது, பருக்கிறது, ஆனால் 90 மட்டும் அசைவதில்லை. புள்ளியை வட்டத்துக்கு உள்ளே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோணம் விரிவதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

அத்தோடு நின்றுவிட்டால் அது வேடிக்கை பார்த்ததோடு சரி. திரை காட்டியது நிரூபணம் ஆகாது என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லலாம், அவர்களுக்குப் புரியும். மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஓர் ஆரம் வரையச் சொல்லுங்கள். இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் பிறக்கும். ஒன்றின் அடிக்கோணம் ஒவ்வொன்றும் அ, மற்றதன் அடிக்கோணம் ஒவ்வொன்றும் ஆ என்றால், பெரிய முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இருமடங்கு அவும் இருமடங்கு ஆவும் ஆகின்றன; அது 180. ஆகவே அவும் ஆவும் சேர்ந்தால் 90. இந்த வரியைப் பிள்ளை தன் கையால் நோட்டில் எழுதும்போதுதான் பாடம் முடிகிறது.

அறிவியல் ஆசிரியருக்கும் அதே பதில்தான். கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் தளத்தில், மின்சுற்றைத் திரையிலேயே அமைத்துப் பார்க்கும் பாவனைச் சோதனைகள் மிக நன்றாக இருக்கின்றன. கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வதை அதில் காணலாம், உண்மைக் கம்பியில் அது யாருக்கும் தெரியாது. சில பாவனைகள் தமிழிலும் உள்ளன. கோப்பாகத் தரவிறக்கினால் இணையம் இல்லாமலும் ஓடும். ஆனால் ஒரு டார்ச் பேட்டரி, ஒரு சிறு பல்பு, ஒரு முழம் கம்பி ஆகியவற்றை வாங்க ஆய்வகம் தேவையில்லை. திரையில் இணைப்பு ஒருபோதும் தளர்வதில்லை. கையில் இருக்கும் பல்பு எரியாமல்போய், எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பிள்ளை கம்பியைத் தடவித் தேடும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் ‘மூடிய சுற்று’ என்ற சொல்லுக்கு அவனுக்குப் பொருள் கிடைக்கிறது.

*

கேள்வி: பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கைபேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கிறார்கள். ‘மனம்’, ‘மணம்’ வேறுபாடே போய்விட்டது. ல, ள, ழவும் அப்படித்தான். தட்டச்சையே தடை செய்துவிடலாமா என்று தோன்றுகிறது.
— தமிழாசிரியர், மதுரை

பதில்: உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது, ஆனால் தடை வேண்டாம். குற்றம் தட்டச்சில் இல்லை, தட்டச்சு முறையில் இருக்கிறது. ஆங்கில எழுத்தைத் தட்டும் பிள்ளை தமிழ்ச் சொல்லை ஆங்கில ஒலியாக நினைத்துக்கொள்கிறது. செயலி நீட்டும் பட்டியலில் முதலில் வருவதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. ணகரமா னகரமா என்று முடிவு செய்யும் வேலையே அதன் மூளைக்கு வருவதில்லை.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை இதற்கு நேர்மாறானது. உயிர் எழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். ண தனி விசை, ன தனி விசை, ந தனி விசை. ஆகவே தட்டும் ஒவ்வொரு முறையும் பிள்ளை எழுத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல் போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும், பின்னால் வரும் உயிர் மெய்யோடு தானாகச் சேரும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று நீங்கள் ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த இலக்கணம் விரல்நுனியில் நடப்பதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியில் தமிழ்99 இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். ஒரு நாளைக்கு ஐந்து வரி என்று வையுங்கள். அந்த ஐந்து வரியில் மனம், மணம், பனி, பணி, அலை, அழை, அளை எல்லாம் வருமாறு நீங்களே எழுதிக் கொடுங்கள்.

*

கேள்வி: எங்கள் எட்டாம் வகுப்பில் பார்வையற்ற மாணவன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். ஆசிரியர்கள் தயாரிக்கும் குறிப்புகளைக் கணினி படித்துச் சொன்னால் நன்றாக இருக்கும். முயன்று பார்த்தோம், ஏதேதோ உளறுகிறது.
— தலைமையாசிரியர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: உளறுவது கணினி இல்லை ஐயா, எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். கண்ணுள்ளவருக்கு அது தமிழ். திரையில் உள்ளதைக் குரலாகப் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு அது பொருளற்ற குறிகளின் வரிசை. உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக ஏற்றுக்கொண்டது. இருந்தாலும் பல பள்ளிகளில் பழைய கோப்புகளே ஆண்டுதோறும் நகலெடுக்கப்படுகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. மாற்றியபின் ஒருமுறை பிழைதிருத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒளிப்படமாக வருடிய பக்கங்களைக் கொடுத்தாலும் பயனில்லை. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திரைவாசிப்பானால் நேரடியாகப் படிக்க இயலாது.

மென்பொருளுக்குப் பணம் தேவையில்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. அவரும் அவரோடு சேர்ந்து அதை வளர்த்த ஜேம்ஸ் டேயும் பார்வையற்றவர்கள். தமிழை அது படிக்கும். குரல் முதலில் கரடுமுரடாகத் தோன்றும். பழகிய மாணவர்கள் நாம் பின்தொடர முடியாத வேகத்தில் அதைக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அந்த மாணவன் வகுப்பில் இருக்கும்போது ஆசிரியர் பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். “இதிலிருந்து இதைக் கழித்தால் இது” என்று சுட்டிக் காட்டிப் பேசினால் எந்தச் செயலியும் அவனுக்கு உதவ முடியாது.

*

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு 30 டேப்லெட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனாலும் மனத்தில் ஒரு தயக்கம். செயலிகளில் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்கிறார்களே, அதையும் கொடுக்கலாமா?
— பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை 319 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கணினிகள் வந்து சேர்ந்தன, பயன்பாடும் பெருகியது. கணிதத்திலும் மொழியிலும் கற்றல் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. இதற்கு எதிர்ப்பக்கமாக, டெல்லியில் பள்ளி முடிந்த பிறகு நடந்த மையங்களில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைக் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர் ஆராய்ந்து 2019இல் எழுதினார்கள். ஆறாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. அந்த மென்பொருள் பிள்ளை உண்மையில் நிற்கும் படியைக் கண்டறிந்து அங்கிருந்து தொடங்கியது. கூடவே ஓர் உதவி ஆசிரியர் சிறு குழுவாகப் பாடமும் நடத்தினார். நாலரை மாதத்தில், மையத்தில் சேரக் குலுக்கலில் வாய்ப்புக் கிடைத்த பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிடக் கணிதத்தில் 0.37 திட்டவிலக்க அளவு முன்னேறியிருந்தார்கள் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவே திட்டவிலக்கம்). கல்வி ஆய்வில் இது பெரிய அளவு.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கருவி வந்ததா என்பதைவிட, அது பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கியதா, அதைக் கவனிக்க அருகில் ஓர் ஆசிரியர் இருந்தாரா என்பதே வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று நான் நினைக்கிறேன். ஆகவே அந்த அன்பருக்கு நன்றி சொல்லி, இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 30 வேண்டாம், 10 போதும், பத்துப் பேர் கருவியில் இருக்கும்போது மற்றவர்களோடு ஆசிரியர் உட்கார்ந்து பாடம் நடத்துவார். மீதிப் பணத்தில் பூட்டும் வசதியுள்ள மின்னேற்ற அலமாரி ஒன்று, இன்வெர்ட்டர் ஒன்று, மூன்று ஆண்டுப் பழுதுபார்ப்புக்கான தொகை. சுவரில் எத்தனை பிளக் பாயின்ட் வேலை செய்கிறது என்று எண்ணிவிட்டு எழுதுங்கள். இணையம் நிலையாக இல்லையென்றால் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளைப் பள்ளியின் ஒரு கணினியில் நிறுவினால், அதிலிருந்து மற்ற கருவிகள் இணையமில்லாமலே பாடங்களை எடுத்துக்கொள்ளும். மேலும், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தில் ஏராளமான தமிழ்ச் சிறுவர் கதைகள் இருக்கின்றன. அவற்றில் ஐம்பதை அச்சிட்டுத் தைத்து வைத்தால் மின்சாரமில்லாத நாளிலும் பிள்ளைகள் படிப்பார்கள்.

பெயர், பிறந்த தேதி பற்றிய கேள்விக்கு: கொடுக்காதீர்கள். வருகைப் பதிவேட்டு எண்ணே போதும்; 7, 8, 9 என்று பதிந்துவிட்டு, எந்த எண் யாருடையது என்ற பட்டியலை ஆசிரியர் தன் நோட்டில் வைத்துக்கொள்ளட்டும். இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதைத் தடை செய்கிறது. சட்டத்தை நிறுவனங்கள் மதிக்கின்றனவா என்று கிராமத்தில் இருக்கும் நம்மால் சோதிக்க இயலாது. கொடுக்காத தரவு எங்கும் கசியாது. பெற்றோர் கூட்டத்தில் எந்தச் செயலி, எதற்காக, என்ன விவரம் கேட்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வாசித்துவிட்டுக் கையொப்பம் வாங்குங்கள். மதிப்பெண் பட்டியலை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம் என்று அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிவிடுங்கள்.